பந்தயம் புதுப்பேட்டையில் தொடங்குகிறது

வாங்குவதற்கு ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத நாட்டில் குடும்பக் கார்தான் பந்தயக் கார் ஆனது. சென்னையின் பழைய சாமான் சந்துகளிலிருந்து இருங்காட்டுக்கோட்டை பந்தயக் களம் வரை நீளும் ஒரு பாதையும், அதில் ஓடும் ஒரு பழைய காரும்.

சனிக்கிழமை காலை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது புதுப்பேட்டை. சந்துக்குள் நுழைந்ததும் கிரீஸ் வாடை. ஒரு கடை முழுக்கக் கதவுகள், இன்னொன்றில் ஸ்டியரிங்குகள், அடுத்ததில் கூரை வரை அடுக்கிய கியர்பாக்ஸ்கள். ஒரு காலத்தில் கல்யாண ஊர்வலம் போன கார்கள் இங்கே உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

முப்பத்தைந்து வயதுள்ள ஒரு கணிப்பொறி நிறுவன ஊழியர், தன் மெக்கானிக்குடன் ஒரு கடை வாசலில் நிற்கிறார். தேடுவது மாருதி எஸ்டீம் காரின் சிலிண்டர் ஹெட். கடைக்காரர் மூன்றை எடுத்துப் போடுகிறார். மெக்கானிக் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஹெட்டின் முகப்பில் குறுக்காக நிறுத்தி, வெளிச்சத்தின் பக்கம் தூக்கிப் பார்க்கிறார். ஸ்கேலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நூல் போல வெளிச்சம் தெரிகிறது.

“இது சூடு வாங்கினது பாய். வளைஞ்சு போச்சு. வேற எடுங்க.”

“லேத்துல குடுத்து ஒரு ஃபேஸிங் போட்டா சரியாயிடும்ணே.”

“ரோட்டு வண்டிக்கு ஆகும். ரேஸுக்கு ஆகாது.”

மூன்றாவது ஹெட்டில் வெளிச்சம் தெரியவில்லை. பேரம் ஆரம்பமாகிறது. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் பச்சை விளக்கு எரியும்போது இந்தக் கார் எத்தனை சுற்று ஓடும் என்பதில் பாதி, இந்தச் சந்தில் இப்போது முடிவாகிவிட்டது.

கார் பந்தயம் என்றதும் பெரும்பாலோர் மனதில் எழும் படம் வேறு. பளபளக்கும் வண்டி, பணக்கார வீட்டுப் பிள்ளை, விளம்பர ஸ்டிக்கர்கள். அதுவும் உண்டு. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு உலகம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களும், சிறு தொழில் நடத்துகிறவர்களும், பட்டறைக்காரர்களும் சனி ஞாயிறுகளில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டி ஓட்டுகிற அமெச்சூர் உலகம். இங்கே யாருக்கும் பரிசுப் பணத்தில் வாழ்க்கை நடப்பதில்லை. கையிலிருந்து போவதுதான் அதிகம்.

இவர்களிடம் இருப்பவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் வெளிநாட்டுக்காரர் சிரிக்கக்கூடும். ஆனால் அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்தியர்கள் வாங்க முடிந்தவை மூன்றே மூன்று கார்கள்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்தியப் பதிப்பு. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். இந்தியாவுக்கு ஸ்பிட்ஃபயர் தயாரிப்பு வரவில்லை. ஹெரால்டு வந்தது. அதை எப்படி ஸ்பிட்ஃபயராக ஓட்டுவது என்பது இங்குள்ளவர்களின் கவலையாயிற்று.

ஓட்ட இடம்? அதற்கும் யுத்தம்தான் உதவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலும் மும்பையின் ஜுஹுவிலும்கூட விமான ஓடுபாதைகளில்தான் கார்கள் சீறின. ஆனால் ஆண்டுதோறும் சென்னைவாசிகள் திருவிழாவுக்குப் போவது போல் போய்க் கூடிய சோழவரத்துக்கு இருந்த பேர் தனி. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் ரகத்து என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டியது இங்கேதான். அதே தார்ச் சாலையில் சாதாரண ஃபியட்களும் ஹெரால்டுகளும், பின்னாளில் பெங்களூரின் சிபானி டால்ஃபின்களும் ஓடின.

டால்ஃபின் ஒரு விசித்திரம். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி 1980-களில் தயாரானது. உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ், 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர இயக்கம். குடும்பங்கள் அதை நம்பவில்லை. ‘ஆடு மேய்ந்துவிடும்’ என்று கேலி பேசினார்கள். ஆனால் எடை குறைந்த கார் என்பதால் ராலிக்காரர்களும் பந்தயக்காரர்களும் கொண்டாடினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு சந்தையில் டால்ஃபின் கரைந்துபோனது. அந்த மாருதியின் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை கோவையில் உருவாக்கினார் எஸ். கரிவரதன். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்தக் கார்தான் ஒரு தலைமுறை இந்திய ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடம். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயக் களத்துக்கு அவர் பெயர்தான்.

சோழவரத்திலிருந்து பந்தயம் இடம்பெயர்ந்த ஊர் இருங்காட்டுக்கோட்டை. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், கிளப் தன் சொந்த நிலத்தில் கட்டிய களம் 1990-ல் திறக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் ‘மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்’ என்று பெயர் மாறியிருக்கிறது. நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. கடிகாரச் சுற்றில் ஓட்டம். வளைவுகளுக்கு இங்கே எண்கள்தான் பெயர்: சி1, சி2 என்று. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 2005-ல் போன முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும், 2010-ல் போன கருண் சந்தோக்கும் இந்தத் தாரில் டயர் தேய்த்தவர்கள். நொய்டா பக்கத்தில் 5.125 கி.மீ. நீளத்தில் புத்தா சர்க்யூட் 2011-ல் பிரமாண்டமாக எழுந்தது. அங்கே மூன்றே முறை ஃபார்முலா ஒன் நடந்து 2013-உடன் நின்றுபோனது. இருங்காட்டுக்கோட்டையில் அப்படிப்பட்ட ஆடம்பரம் இல்லை. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

எஸ்டீமுக்கு வருவோம். அந்தக் கார் 1997-ல் அவருடைய அப்பா வாங்கியது. அரசு வேலை, வங்கிக் கடன், மூன்று மாதம் காத்திருந்து சாவி வாங்கியது. திருப்பதிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய்வந்தது. பின்சீட்டில் தூங்கியபடி ஊர் போன பையன்தான் இன்று அதன் சொந்தக்காரர். பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து ஒருமுறை புதுப்பித்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்து பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. தரச் சான்றிதழ் அலைச்சல் வேறு. வீட்டில் புதுக் கார் வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போடலாம். அல்லது பந்தயத்துக்குப் போடலாம்.

இரண்டாவது முடிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்தயத்துக்காக மாற்றிய காரைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வாகனம் சாலையில் ஓடக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆகவே கிரைண்டர் முதல் வெட்டுப் போடும் நிமிடத்தில் அது வீட்டுக் கார் அல்ல. லாரியின் முதுகில் ஏறிக் களத்துக்குப் போய், லாரியின் முதுகிலேயே திரும்பிவரும் பொருள். அப்பாவிடம் கேட்டபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னது: “பின்சீட்டை மட்டும் வெளிய போட்டுடாதே.”

பட்டறை அம்பத்தூர் பக்கம். தகரக் கொட்டகை, ஒரு குழி, சுவரில் ஆணிகளில் தொங்கும் ஸ்பேனர்கள். மெக்கானிக்குக்கு அறுபது தாண்டிவிட்டது. சோழவரத்தில் பெட்ரோல் கேன் தூக்கிய பையனாகத் தொடங்கியவர். கார்ப்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே ஜெட் சின்னதா பெரியதா என்று சொல்லக்கூடியவர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் திருப்தி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் வெந்துவிடும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சக்தி போகும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்கிறது விஞ்ஞானம். அதிக சக்தி கிடைப்பதோ 12.5-க்கும் 13-க்கும் இடையில். இந்த எண்களை அவர் சொல்வதில்லை. பிளக் சொல்லிவிடுகிறது.

முதல் வருடம் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். இளைஞர் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. கணினிப் படங்களில் பார்த்த ஆசையும் இருந்தது. பெரிய எக்ஸாஸ்ட், வேறு கேம் ஷாஃப்ட், ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார். மெக்கானிக்கின் பட்டியல் நேர்எதிர். “முதல்ல கூண்டு. அப்புறம் பிரேக். அப்புறம் டயரு, சஸ்பென்ஷன். எஞ்சின் கடைசி தம்பி. நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓட எதுக்குக் கத்துக்குடுக்கற?”

பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. கூண்டு போட்டார்கள், ஏனென்றால் அது இல்லாமல் பரிசோதனை அதிகாரிகள் உள்ளே விடமாட்டார்கள். பிரேக்கில் புதுப் பேட் மட்டும் மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தை எஞ்சினில் கொட்டினார்.

பந்தயக் கார் செய்வது என்றால் முக்கால்வாசி வேலை கழற்றுவதுதான். சீட்டுகள், கார்ப்பெட், கதவு அட்டைகள், ஏ.சி., ரேடியோ, ஹீட்டர் எல்லாம் போகும். தரைத் தகட்டில் சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் தார்ப்பட்டையைச் சுரண்ட மட்டும் இரண்டு நாள். வேகமெடுக்க, வளைய, நிற்க என்று எல்லாவற்றுக்கும் எடை குறைவதுதான் மலிவான மருந்து. அதில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியைக் கூண்டு எடுத்துக்கொள்ளும். அகில உலக ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிப்படி முதன்மை வளையத்துக்குத் தையல் இல்லாத எஃகுக் குழாய் வேண்டும். 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. கனம். கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் செய்தால் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும். கார் உருளும் அன்றுதான் வித்தியாசம் தெரியும்.

தோளிலும் இடுப்பிலும் கட்டும் பெல்ட்டுக்குக் காலாவதி ஆண்டு உண்டு. மருந்துப் பட்டை போல. ஒரு முறைகூட மாட்டாத பெல்ட்டாக இருந்தாலும் ஆண்டு முடிந்தால் தூக்கிப் போட வேண்டும். வெயிலும் வியர்வையும் நூலைத் தின்றுவிடும். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் மின்சாரத்தை அறுக்கும் ஸ்விட்ச், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், இழுத்துப் போக முன்னும் பின்னும் கொக்கி. இதில் எதுவும் ஒரு விநாடிகூட வேகம் கூட்டாது. செலவு மட்டும் கூட்டும். இந்த இடத்தில்தான் அமெச்சூர்களின் கை பதறுகிறது.

அந்த முதல் வருடப் பந்தயத்தின் ஆறாவது சுற்றில் பிரேக் பெடல் தரை வரை போனது.

நடந்தது எளிய பௌதிகம். ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு கார், மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வந்து வளைவுக்காக 60-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நான்கு விநாடிகளில் பிரேக்குகள் விழுங்கும் சக்தி, இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒவ்வொரு பெரிய வளைவிலும் இரண்டு லிட்டர். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப. அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டாலோ, தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். சென்னையின் கடற்காற்று ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு வருடமாக மாற்றாத பழைய திரவம் அந்த ஆறாவது சுற்றில் குழாய்க்குள்ளேயே கொதித்தது. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். ஆகவே பெடல் அமுங்கியது, கார் நிற்கவில்லை.

இரண்டு முறை காலால் குத்திப் பார்த்து, கியரைக் குறைத்து, தாரை விட்டுப் புல்லுக்கு இறக்கிவிட்டார். புழுதி அடங்கியபோது தடுப்புச் சுவர் சில அடிகள் தள்ளி இருந்தது. காயம் இல்லை. அப்பா பார்வையாளர் பகுதியில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று அதை யாரும் பிரிக்கவில்லை.

ஒரு லிட்டர் பிரேக் ஆயில் விலை, எஞ்சினுக்குக் கொட்டிய பணத்தில் தூசு. மெக்கானிக் அதைச் சொல்லிக் காட்டவில்லை. லாரியில் காரை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, “அடுத்த சனிக்கிழமை வா தம்பி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்” என்றார்.

அப்படித் தொடங்கியது இரண்டாவது வருடம். இந்த முறை மெக்கானிக்கின் பட்டியல்தான்.

பிரேக் குழாய்கள் மாறின. பந்தய ரக பேட் வந்தது. முன் பம்பரில் திறப்பு வெட்டி, வளையும் குழாய் வழியாக டிஸ்க்குக்குக் காற்று விட்டார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் புதுத் திரவம் என்பது சட்டமாயிற்று. அடுத்தது சஸ்பென்ஷன். முன்சக்கர இயக்கக் காருக்கு முன்டயர்தான் எல்லாம். இழுப்பதும் அதுவே, திருப்புவதும் அதுவே, நிறுத்துவதில் பெரும்பங்கும் அதுவே. வேகத்தில் திருப்பினால் மூக்கு வெளியே தள்ளும். கெட்டியான ஸ்பிரிங், டயரின் தலை சற்று உள்ளே சாய்ந்து நிற்கும்படியான அமைப்பு, பின்பக்கம் கொஞ்சம் கூடுதல் விறைப்பு என்று மூன்றும் சேர்ந்தால்தான் மூக்கு உள்ளே வரும். இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரச் சுற்று என்பதால் வலது வளைவுகள் அதிகம். எடை முழுக்க இடது முன்டயர் மேல் விழும். ஒரு நாள் முடிவில் அந்த ஒரு டயரைத் தடவிப் பார்த்தாலே ஓட்டியவரின் குணம் தெரிந்துவிடும் என்கிறார்கள். ஓரம் மட்டும் கிழிந்திருந்தால் அவசரக்காரர். சமமாகத் தேய்ந்திருந்தால் பொறுமைசாலி.

எஞ்சினில் செய்ததும் சக்திக்காக அல்ல, ஆயுளுக்காக. நீண்ட வலது வளைவில் ஆயில் முழுக்க சம்பின் இடது ஓரத்தில் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். சில விநாடி ஆயில் இல்லாமல் சுற்றினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். சம்பைக் கழற்றி, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்தார்கள். சோழவரம் காலத்திலிருந்தே தெரிந்த வைத்தியம் இது. ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள். எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சின் அலுமினியத்தில் ஆனது. எடை குறைவு என்பது நல்லது. ஒருமுறை தண்ணீர் தீர்ந்து சூடேறினால் ஹெட் வளைந்துவிடும் என்பது கெட்டது. புதுப்பேட்டையில் ஸ்டீல் ஸ்கேல் வெளியே வருவது இதற்காகத்தான்.

உதிரிபாகம் கிடைப்பது பெரிய தலைவலி. எஸ்டீம் தயாரிப்பு 2007-ல் நின்றுவிட்டது. நல்லவேளையாக அதே குடும்பத்து 1.3 லிட்டர் எஞ்சின்தான் ஜிப்ஸியிலும் இருந்தது. ராணுவமும் போலீஸும் ஓட்டிய ஜிப்ஸி 2019 வரை வந்ததால் சில சாமான்கள் இன்னும் புழங்குகின்றன. தலைநகர்ப் பகுதியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கெடுபிடி வந்த பிறகு அங்கிருந்த பழைய கார்கள் பல வேறு மாநிலங்களுக்கு நகர்ந்தன. ஆனாலும் கடலில் கரைத்த உப்பு மாதிரி, எஸ்டீம்கள் வருடா வருடம் குறைகின்றன. பட்டறை மூலையில் மூன்று கியர்பாக்ஸ், ஐந்து லோயர் ஆர்ம், ஒரு முழு எஞ்சின் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் பாட்டி ஊறுகாய் ஜாடி அடுக்குவது போல.

கைத்திறனும் குறைகிறது. புதிய கார்களில் பெட்ரோலை அளப்பது கணினி. லேப்டாப்பை இணைத்து எண்களை மாற்றும் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். பட்டறைக்கும் அப்படி ஒருவர் வருகிறார். அவர் திரையைப் பார்த்துச் சொல்வதும், மெக்கானிக் பிளக்கைப் பார்த்துச் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஒன்றாக இல்லாத நாட்களில் இருவரும் காரை மறுபடி ஓடவிட்டுக் கேட்கிறார்கள். பட்டறையில் உள்ள ஒரே போட்டி இதுதான். இரு பக்கமும் கற்றுக்கொள்வதால் யாருக்கும் தோல்வி இல்லை. ஆனால் கார்ப்புரேட்டர் காதுக்கு வாரிசு கிடையாது. “என் பையன் ஏ.சி. ஷோரூம்ல வேலை பாக்கறான். நல்லாத்தான் இருக்கான்” என்கிறார் மெக்கானிக். அதற்கு மேல் பேசுவதில்லை.

பந்தய ஞாயிறு. விடிவதற்குள் லாரி இருங்காட்டுக்கோட்டை வாசலில். பக்கத்திலேயே ஹுண்டாய் தொழிற்சாலை. 1998 முதல் கார்களைத் தயாரித்து அனுப்பும் அந்த வளாகத்தைத் தாண்டித்தான், இருபத்தைந்து ஆண்டு தாண்டிய கார் களத்துக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் புதுக் கார்கள் லாரியேறிக் கடைக்குப் போகின்றன. இந்தப் பக்கம் பழைய கார் லாரியிலிருந்து இறங்கி ஓடப்போகிறது.

பிட் பகுதியில் நல்லெண்ணெய் மணமும் பெட்ரோல் மணமும் கலந்து வருகின்றன. யாரோ இட்லிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் பழைய ஹோண்டா சிட்டிகளின் பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். ஒரு குழுவிடம் டார்க் ரெஞ்ச் இல்லை. எதிராளிக் குழுவே கொடுக்கிறது. பரிசோதனை அதிகாரி பெல்ட்டின் காலாவதி ஆண்டைக் குனிந்து படிக்கிறார், ஹெல்மெட்டைத் தட்டிப் பார்க்கிறார், ஸ்விட்சை அணைக்கச் சொல்கிறார். எஞ்சின் நிற்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுகிறார்.

காலை பத்து மணிக்கே தார் கொதிக்கிறது. நெருப்புத் தாங்கும் துணியில் தலை முதல் கால் வரை மூடிய ஓட்டுநருக்கு உள்ளே அடுப்பு. டயரில் காற்றைக் குறைத்து அடைக்கிறார் மெக்கானிக். சூடேறினால் தானே கூடும். பெடலை ஒருமுறை தானே உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கிறார். கல் மாதிரி இருக்கிறது.

சிவப்பு விளக்குகள் அணைகின்றன. பதினைந்துக்கும் மேற்பட்ட கார்கள் ஒரே உறுமலில் சி1 நோக்கிப் பாய்கின்றன. எஸ்டீம் பன்னிரண்டாவது. நேர்ப்பாதையில் சிட்டிகள் சுலபமாகத் தாண்டிப் போகின்றன. சக்தி அவற்றுக்கு அதிகம். வளைவுக்கு முன் எஸ்டீம் கொஞ்சம் தாமதமாகப் பிரேக் போட்டு, கொஞ்சம் சீக்கிரம் திரும்பி, இழந்ததில் பாதியைத் திரும்ப எடுக்கிறது. நான்காம் சுற்றில் ஒரு கார் ரேடியேட்டர் ஆவியோடு ஒதுங்குகிறது. ஐந்தில் இன்னொன்று கியர் போகாமல் புல்லில் நிற்கிறது. ஆறாம் சுற்று.

போன முறை பெடல் தரைக்குப் போன அதே வளைவு. பிட் சுவரோரம் நிற்கும் மெக்கானிக் ஸ்டாப்வாட்சைப் பார்க்கவில்லை, பின்விளக்கைப் பார்க்கிறார். சிவப்பு எரிகிறது, கார் மூக்கைத் தாழ்த்துகிறது, திரும்புகிறது. அவ்வளவுதான். பார்வையாளர் வரிசையில் யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாத வேலையின் பலன் அந்த ஒன்றும் நடக்காமைதான்.

கட்டங் கொடி அசைந்தபோது எஸ்டீம் ஏழாவது. ஏழாவது இடத்துக்குக் கோப்பை இல்லை. இளைஞர் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெந்து சிவந்திருந்தது. மெக்கானிக் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் இடது முன்டயரைத் தடவிப் பார்த்தார். தேய்மானம் சமமாக இருந்தது. “பரவால்ல தம்பி” என்றார். அவரைப் பொறுத்தவரை கோப்பை அதுதான். எலுமிச்சை சாதப் பொட்டலம் இந்த முறை பிரிந்தது. பக்கத்துக் குழுக்காரர்களுக்கும் ஒரு கை கிடைத்தது.

வீட்டுத் திண்ணையில் எஸ்டீமின் பின்சீட் இருக்கிறது. நான்கு மரக்கட்டைகள் மேல் வைத்துச் சோபாவாக்கிவிட்டார்கள். மாலையில் அப்பா அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம். சனிக்கிழமை காலை புதுப்பேட்டைக்குக் கிளம்பும் மகனைப் பேப்பருக்கு மேலாகப் பார்த்து அவர் கேட்பது, இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்:

“பிரேக் ஆயில் மாத்தியாச்சாடா?”